ரத்தத்தில் ஈசினோபில் 8 சதவீதம், விடாத இருமல். இது ஆஸ்துமாவா?

‘அலர்ஜிதான், விடுங்க’ என்று சொல்லி அனுப்பியிருப்பார்களே? ஈசினோபில் என்பது வெள்ளணுக்களில் ஒரு வகை. முதலில் அந்தச் சதவீதத்தை ஒதுக்கி வையுங்கள். மொத்த வெள்ளணு 7,000 என்றால் 8 சதவீதம் என்பது 560. மொத்தமே 4,000 என்றால் வெறும் 320. மைக்ரோலிட்டருக்கு 500 வரை சாதாரணம் என்பார்கள். அடுத்து, ரத்தம் எடுத்தபோது ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்களா என்று பாருங்கள்.

நான் பட்டது இதில்தான். மூச்சிரைப்புக்காக பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எடுத்த ரிப்போர்ட்டைப் பார்த்த ஒரு மருத்துவர், ‘ஈசினோபில் பூஜ்யம், ஆஸ்துமா இல்லை, மனப்பதற்றம்’ என்று எழுதிவிட்டார். அந்த மாத்திரை உள்ளே போன சில மணி நேரத்திலேயே ஈசினோபில் சரிந்துவிடும். மாத்திரைக்கு முந்தைய ரிப்போர்ட்டை நீட்டினேன், வாங்கவே இல்லை. பிறகு பார்த்த நுரையீரல் மருத்துவர் முதலில் கேட்டதே அதைத்தான். அதில் 740 இருந்தது.

ஈசினோபில் புழுக்களை எதிர்க்கும் அணு. அதன் துகள்களில் உள்ள நச்சுப் புரதங்கள் மூச்சுக்குழாயில் கொட்டினால் உட்படலம் உரிகிறது. அணு வெடித்துச் சாகும்போது உருவாகும் படிகங்கள் சளியை இறுக்கிவிடுகின்றன. இந்த அணுக்களைப் பெருக்கிவிடுவது இன்டர்லூக்கின்-5 என்ற சமிக்ஞைப் புரதம். அதைத் தடுக்கும் மெபோலிசுமாப் ஊசிக்கு 2015இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் அந்த அனுமதி அப்போது தீவிர ஈசினோபில் ஆஸ்துமாவுக்கு மட்டும்தான், எல்லா இருமலுக்கும் இல்லை.

புகையால் வரும் சிஓபிடி என்ற நாள்பட்ட மூச்சடைப்பு நோயில் பெரும்பாலும் நியூட்ரோபில் என்ற இன்னொரு வெள்ளணுவின் ஆட்டம். அது விடும் எலாஸ்டேஸ் என்ற நொதி காற்றறைச் சுவரையே அரித்துவிடும், ஸ்டீராய்டுக்கும் அவ்வளவாக அடங்காது. அங்கேயும் ஈசினோபில் 300க்கு மேல் இருந்தால் ஸ்டீராய்டு இன்ஹேலர் பலன் தர வாய்ப்பு அதிகம்.

‘ஈசினோபில் ஏறாமலும் ஆஸ்துமா வருமே’ என்று யாராவது கிளம்புவார்கள். வரும், நான் மறுக்கவில்லை. ஸ்பைரோமெட்ரி என்ற மூச்சுச் சோதனையில் ஊதிப் பார்க்காமல் முடிவு கட்டக்கூடாது. நான் மருத்துவரும் இல்லை. உங்கள் எண்ணிக்கை 3,000ஐத் தாண்டி, இருமல் இரவில்தான் வாட்டுகிறது என்றால், யானைக்கால் புழுவால் வரும் நுரையீரல் நோயா என்றும் பார்ப்பார்கள். அதற்கு மருந்து டைஎதில்கார்பமசைன்.

இருமலாவது அடங்கியது. கோப்பில் ஏறிய ‘மனப்பதற்றம்’ மட்டும் இறங்கவே இல்லை. முழங்கால் வலி என்று போய் உட்கார்ந்தாலும் கோப்பைப் புரட்டிவிட்டு, ‘ராத்திரி தூக்கம் எப்படி?’ என்கிறார்கள். முழங்காலை யாராவது தொட்டுப் பார்த்தால் தேவலை.