மவுண்ட் செய்ததும் டைரக்டரியின் உரிமையாளர் ரூட் என்று காட்டுவது ஏன்?

லினக்ஸில் 'டேட்டா' என்று ஒரு டைரக்டரி உருவாக்கி, உரிமையாளரை மாற்றும் சௌன் (chown) கட்டளையால் அதை உங்கள் பெயருக்கு மாற்றியிருக்கிறீர்கள். புது டிஸ்க்கை அங்கே மவுண்ட் செய்ததும், அதாவது அந்த டைரக்டரி வழியாகத் திறக்கும்படி இணைத்ததும், உரிமையாளர் ரூட் (கணினியின் நிர்வாகிப் பயனர்) என்று வருகிறது, எழுத முடியவில்லை. ஏன் மாறியது என்பது உங்கள் கேள்வி.

உண்மையில் எதுவும் மாறவில்லை. இப்போது நீங்கள் பார்ப்பது வேறொரு டைரக்டரி. உரிமையாளர், குழு, அனுமதி எல்லாம் ஐநோடு (inode) என்ற உள்பதிவில் இருக்கின்றன, பாதையின் பெயரில் இல்லை. மவுண்ட் ஆனபின் அந்தப் பெயரைக் கேட்டால், கர்னல் (சிஸ்டத்தின் மையப்பகுதி) புது டிஸ்க்கில் உள்ள ஃபைல்சிஸ்டத்தின், அதாவது கோப்புகளை அடுக்கிவைக்கும் அமைப்பின், உச்சி டைரக்டரியைக் கொடுக்கிறது. பழையது அடியில் மறைந்து, உங்கள் பெயரிலேயே பத்திரமாக இருக்கிறது. மவுண்டுக்கு முன்னும் பின்னும் ஐநோடு எண்ணைப் பாருங்கள்: டிஸ்க்கின் ஃபைல்சிஸ்டம் இஎக்ஸ்டி4 (ext4) வகை என்றால் பின்னால் 2 என்று வரும். ஃபார்மேட் செய்யும்போது அந்த உச்சி டைரக்டரி வழக்கமாக ரூட் பெயரில், 755 அனுமதியோடு (உரிமையாளர் மட்டுமே எழுதலாம்) உருவாகிறது.

ஆகவே மவுண்ட் செய்தபின் சௌன் கொடுங்கள். அது அந்த டிஸ்க்கிலேயே பதிவாகும். ரீபூட் செய்தாலும் போகாது. ஆனால் பதிவாவது பெயரல்ல, பயனர் எண். இங்கே 1000 என்பது நீங்கள் என்று வைத்துக்கொள்வோம். இன்னொரு கணினியில் 1000 வேறு யாராகவும் இருக்கலாம்.

பென் டிரைவில் இருக்கும் ஃபேட், எக்ஸ்ஃபேட் வகைகளில் யூனிக்ஸ் உரிமையாளரை எழுத இடமே கிடையாது. அங்கே சௌன் பலிக்காது. மவுண்ட் செய்யும்போதே யுஐடி (பயனர் எண்), ஜிஐடி (குழு எண்) கொடுக்க வேண்டும். அதே யுஐடியை இஎக்ஸ்டி4-க்குக் கொடுத்தால் மவுண்டே ஆகாது.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. அடியில் இருக்கும் டைரக்டரியை உங்கள் பெயரில் விடாதீர்கள். ஒருமுறை என் பேக்கப் டிஸ்க் மவுண்ட் ஆகாமல் போனது. அடி டைரக்டரி என் பெயரில் இருந்ததால் பேக்கப் ஸ்கிரிப்ட் எந்தப் பிழையும் காட்டாமல் அங்கேயே எழுதி, சிஸ்டம் இருக்கும் ரூட் பார்ட்டிஷனை நிரப்பிவிட்டது. பிறகு டிஸ்க்கை மவுண்ட் செய்ததும் அந்தக் கோப்புகள் கண்ணுக்கே தெரியவில்லை. இடம் எங்கே போனது என்று தேடியே ஒரு நாள் கழிந்தது. அதிலிருந்து நான் அடி டைரக்டரியை ரூட் பெயரிலேயே வைத்து, மவுண்டுக்கு முன் சாட்டர் (chattr) கட்டளையால் மாற்றமுடியாததாகவும் ஆக்கிவிடுகிறேன். அப்போது ரூட்டே முயன்றாலும் அதற்குள் கோப்பு உருவாக்க முடியாது, மவுண்டுக்கோ தடையில்லை.

ஏற்கெனவே அடியில் ஏதாவது தங்கியிருக்கிறதா என்று பார்க்க டிஸ்க்கைக் கழற்ற வேண்டாம். லினக்ஸில் ரூட் ஃபைல்சிஸ்டத்தை மட்டும் வேறொரு காலி டைரக்டரியில் பைண்ட் மவுண்ட் செய்து (ஏற்கெனவே உள்ளதை இன்னொரு இடத்திலும் தெரியவைத்து), அதன் வழியாக உள்ளே போய்ப் பாருங்கள்.