வயதாகும்போது இதயத் தசைச் செல்களுக்கு என்ன ஆகிறது?

தோல் மாதிரி இதயத் தசையிலும் புதுச் செல்கள் உருவாகுமா, வயதானால் அவை எப்படி மாறும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

உருவாகும், ஆனால் ரொம்ப மெதுவாக. 1950, 60களில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் கூடி, உணவு வழியாக நம் டி.என்.ஏ.வுக்குள்ளும் போனது. அதன் அளவை வைத்து ஒரு செல் எந்த ஆண்டுவாக்கில் பிறந்தது என்று கணிக்கலாம். (அந்தக் குண்டுகளால் விளைந்த ஒரே நன்மை இதுவாகத்தான் இருக்கும்!) ஸ்வீடனின் கரோலின்ஸ்கா மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட கணக்குப்படி, 25 வயதில் ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதச் செல்கள்தான் புதிதாகின்றன. 75 வயதில் அது 0.45 சதவீதம்.

ஆக, பெரும்பாலும் பழைய செல்களே கடைசிவரை உழைக்கின்றன. சில இறந்துபோக, மிஞ்சியவை பருக்கின்றன. இடையில் நார்த்திசு கூடுகிறது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் உட்கருவின் இரு முனைகளிலும் லிப்போஃபஸ்சின் என்ற பழுப்பு நிறக் கழிவு சேர்ந்திருப்பது தெரியும். செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவும் சோர்ந்துவிடுகிறது.

என்னைக் கேட்டால், முக்கியமான மாற்றம் கால்சியத்தில்தான். செல்லுக்குள் கால்சியம் பாய்ந்தால் தசை சுருங்கும். அதைத் திரும்பச் சேமிப்பறைக்கு இறைத்தால்தான் தளரும். இறைக்கும் வேலையைச் செய்யும் செர்கா என்ற புரதம் வயதானால் மந்தமாகிறது. அதனால் முதியவரின் இதயம் நன்றாகவே சுருங்கினாலும் தளர நேரமெடுக்கும், ரத்தம் நிரம்புவது தாமதமாகும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது இது தெரியாது, வேகமாக நடந்தால் தெரியும். அப்புறம், புதிதாக மூச்சு வாங்கத் தொடங்கினால் வயசுதான் காரணம் என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.