லூபஸ் இருக்கும்போது தைராய்டும் குறைந்தால்

கேள்வி: ஆறு ஆண்டுகளாக லூபஸ் நோய்க்கு ஹைட்ராக்சிகுளோரோகுயினும் குறைந்த அளவு ஸ்டீராய்டும் கால்சியமும் எடுத்துவருகிறேன். சில மாதங்களாகக் கடும் சோர்வு, முடி உதிர்தல், உடல்வலி. பரிசோதனையில் டி.எஸ்.எச். 14 என்று வந்ததால் தைராக்சின் (தைராய்டு ஹார்மோன்) மாத்திரை கொடுத்துள்ளனர். காலை உணவுக்குப் பின் எல்லா மாத்திரைகளையும் சேர்த்தே விழுங்குகிறேன். லூபஸ் முற்றிவிட்டதா? ஸ்டீராய்டைக் கூட்ட வேண்டுமா?

பதில்: டி.எஸ்.எச். என்பது தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டுச் சுரப்பு குறையும்போது அது உயரும். அது உயர்ந்திருப்பது லூபஸ் முற்றியதற்கான அடையாளம் அல்ல. நோய் எதிர்ப்பு மண்டலம் சொந்த உடலையே தாக்கும் இயல்பு பலருக்கு ஒரே உறுப்போடு நிற்பதில்லை. அதனால்தான் லூபஸ், ஷோகிரன் (கண்ணும் வாயும் வறளும் நோய்), முடக்குவாதம் போன்ற நோய் உள்ளவர்களுக்கு, 1912இல் ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோ விவரித்த, சுரப்பைக் குறைக்கக்கூடிய தைராய்டு அழற்சி மற்றவர்களைவிட அதிகமாக வருகிறது.

சோர்வு, முடி உதிர்தல், மூட்டுவலி ஆகியவை இரண்டு நோய்களுக்குமே பொதுவானவை என்பதால், எல்லாவற்றையும் லூபஸின் கணக்கிலேயே எழுதிவிடுவது எளிது. குளிர் தாங்காமை, மலச்சிக்கல், எடை கூடுதல் ஆகியவை தைராய்டுக் குறைவை நினைவூட்டும். மூட்டு வீக்கம், காய்ச்சல், புதிய தடிப்பு, வாய்ப்புண், நுரைத்த சிறுநீர் ஆகியவை லூபஸ் பக்கம் பார்க்கச் சொல்லும். ஆனாலும் ரத்த, சிறுநீர்ப் பரிசோதனைகளின்றி ஸ்டீராய்டைக் கூட்டக் கூடாது. நீங்களாகத் திடீரென நிறுத்துவது அதைவிட ஆபத்தானது.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது மாத்திரைகளைச் சேர்த்து விழுங்கும் பழக்கம்தான். கால்சியமும் இரும்புச்சத்தும் தைராக்சினைக் குடலிலேயே பிணைத்துக்கொள்வதால் மருந்து ரத்தத்தில் போதிய அளவு சேராது; பிறகு டி.எஸ்.எச். இறங்கவில்லை என்று தேவையின்றி அளவைக் கூட்ட நேரிடும். தைராக்சினை வெறும் வயிற்றில் தண்ணீருடன், காலை உணவுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு எடுங்கள். கால்சியத்துக்குக் குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி தேவை.

மாத்திரையின் முழுப் பலன் தெரிய வாரங்கள் பிடிக்கும் என்பதால், மறு பரிசோதனையை ஆறு முதல் எட்டு வாரங்கள் கழித்துச் செய்வார்கள். முடிக்காகப் பயோட்டின் என்ற வைட்டமின் எடுப்பவராயின் அதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். அது சில ஆய்வகங்களின் தைராய்டு முடிவுகளைத் தவறாகக் காட்டும். கருத்தரிக்கும் எண்ணம் இருந்தால், டி.எஸ்.எச். அளவு சீரான பிறகு முயல்வதே நல்லது. கர்ப்பம் உறுதியானவுடன் தைராக்சின் தேவை கூடும் என்பதால், அடுத்த சந்திப்புவரை காத்திராமல் உடனே மருத்துவரிடம் தெரிவியுங்கள்.