ஆர்ட் ராக்: கேட்டவையும் பதில்களும்

கேள்வி: சார், ஆர்ட் ராக்கும் புரோக்ரஸிவ் ராக்கும் ஒன்றுதானா?

பதில்: ராக் இசையின் இந்த இரண்டு வகைகளையும் பலர் ஒன்றாகவே சொல்கிறார்கள். நான் பிரித்துத்தான் கேட்பேன். கிங் கிரிம்சன், யெஸ் போன்ற புரோக்ரஸிவ் குழுக்களில் கைத்திறமை முன்னால் நிற்கும். ஆர்ட் ராக்கில் யோசனைக்கே முதலிடம். வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவின் 1967 ஆல்பத்தில் 'ஹெராயின்' ஏழு நிமிடப் பாட்டு, மொத்தமே இரண்டு கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு). ஆனால் குழுவின் ஜான் கேல் வயோலாவை (வயலினைவிடச் சற்றுப் பெரிய வாத்தியம்) விடாமல் இழுக்க இழுக்க, நமக்கு மூச்சு முட்டும்.

கேள்வி: 'ஆர்ட்' என்பது சும்மா பெருமைக்கு வைத்த பெயரா?

பதில்: இல்லவே இல்லை. 60களின் பிரிட்டனில் ஓவியக் கல்லூரியிலிருந்து பலர் ராக்குக்கு வந்தார்கள். ஜான் லெனன், பீட் டவுன்ஷெண்ட், சிட் பாரெட் எல்லாரும் அப்படித்தான். ராக்ஸி மியூசிக் குழுவின் பிரையன் ஃபெர்ரி, பாப் ஆர்ட் (விளம்பரம், பத்திரிகைப் படங்களைக் கலையாக்கும் பாணி) ஓவியர் ரிச்சர்ட் ஹாமில்டனிடம் படித்தவர். அதே குழுவின் பிரையன் ஈனோவும் ஓவிய மாணவர். ஆரம்பத்தில் அவர் மேடையேறவே இல்லை. அரங்கின் பின்பக்கம் ஒலியைக் கலக்கும் மிக்ஸர் கருவி அருகே இருந்துகொண்டு, மற்றவர்கள் வாசிப்பதைத் தன் சிந்தசைசருக்குள் (மின்னணு ஒலிக்கருவி) விட்டு வேறு ஓசையாக்கி அனுப்புவார். இசைக்குழுவில் ஒருவருக்கு இப்படியும் வேலை இருக்கலாம் என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

கேள்வி: அண்ணா, பிங்க் ஃபிளாய்ட் குழுவின் 'மனி' பாட்டுத் தொடக்கத்தில் வரும் காசு சத்தம் எப்படிச் செய்தது?

பதில்: கத்தரியால்! 1973இல் வந்த ஆல்பம், எல்லாமே ஒலிப்பதிவு டேப். காசு விழுவது, காகிதம் கிழிவது, கல்லாப்பெட்டி என்று ஏழு சத்தங்களைப் பதிந்து, டேப்பைச் சம நீளத்தில் வெட்டி, வளையமாக ஒட்டி ஓடவிட்டார்கள். பாட்டின் தாளமும் ஏழு எண்ணிக்கைதான். மிஸ்ர சாபு பழகியவர்கள் தொடையில் தட்டிப் பாருங்கள், சரியாக உட்காரும். கிதார் சோலோ வந்ததும் நாலுக்கு மாறிவிடும், அங்கே கவனம்.

கேள்வி: எனக்கு இது புதிது. எதில் தொடங்கலாம்?

பதில்: பாடகி கேட் புஷ்ஷின் ஆல்பம் 'ஹவுண்ட்ஸ் ஆஃப் லவ்', 1985. வீட்டருகே சொந்த ஸ்டூடியோ அமைத்துப் பதிவுசெய்தது. இசைத்தட்டின் முதல் பக்கம் உடனே பிடித்துவிடும். அப்புறம் இரண்டாம் பக்கம்: ராத்திரிக் கடலில் தனியாக மிதக்கும் ஒரு பெண்ணின் கதை, ஏழு பாட்டுகளில். விளக்கை அணைத்துவிட்டு, நடுவில் நிறுத்தாமல் கேளுங்கள்.