யானையும் தூதுதான்: வாசகர் கேள்விகள்

கே: வெளிநாட்டில் நாட்டிய விழா, யோகா விழா என்று அரசு செலவழிக்கிறதே, கால் காசு பிரயோசனம் உண்டா? (ஒரு வாசகர், திண்டுக்கல்)

ப: விழாவை விடுங்கள், ஒரு யானைக் கதை சொல்கிறேன். 1943-இல், குண்டு விழுந்தால் மிருகங்கள் ஊருக்குள் புகுந்துவிடும் என்ற பயத்தில், டோக்கியோவின் உவேனோ மிருகக்காட்சி சாலையில் மூன்று யானைகளைப் பட்டினி போட்டுக் கொன்றார்கள். நகோயாவில் இரண்டு பிழைத்திருந்தன. போருக்குப் பிறகு அதில் ஒன்றை டோக்கியோ சிறுவர்கள் இரவல் கேட்டார்கள்; ஜோடி பிரிய மறுத்துவிட்டது! யானை பார்க்கவென்றே பிள்ளைகளுக்குத் தனி ரயில் விட்டார்கள். கடைசியில் அவர்கள் நேருவுக்குக் கடிதம் எழுத, 1949 செப்டம்பரில் மைசூர்ச் சீமை யானை ஒன்று கப்பலில் போய் இறங்கியது. பெயர் இந்திரா. ஆம், மகளின் பெயரேதான். இது இந்தியக் குழந்தைகள் ஜப்பான் குழந்தைகளுக்குத் தரும் பரிசு என்று நேரு எழுதினார். அப்போது ஜப்பான் தோற்ற நாடு, அந்நியப் படையின் பிடியில் இருந்தது. நாமாகத் திணித்த பரிசல்ல, அவர்கள் கேட்டு வாங்கியது. விழா எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

கே: அப்படியானால் சென்னை மெட்ரோவுக்கு ஜப்பான் தந்த கடன், யானைக்குச் செலுத்தும் நன்றிக்கடனா? (ஒரு வாசகி, கோவை)

ப: குசும்பு! யானை முகத்துக்காக எவரும் கடன் தர மாட்டார்கள். ஜப்பானோடு சமாதான ஒப்பந்தம் செய்யக் கூடிய 1951 சான் பிரான்சிஸ்கோ மாநாட்டுக்கு இந்தியா போகவில்லை. 1952-இல் ஜப்பானோடு தனி ஒப்பந்தம் செய்து, போர் இழப்பீடு வேண்டாம் என்றது. 1958-இல் ஜப்பான் தன் முதல் யென் கடனை இந்தியாவுக்குக் கொடுத்தது. அதில் அவர்களுடைய வியாபாரக் கணக்கும் உண்டு. ஆனால் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் யார் என்று டோக்கியோ தெருவில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? இந்திராவை ஒரு தலைமுறைக்கே தெரியும்.

கே: சோவியத் நாடு தமிழிலேயே புத்தகம் போட்டு அனுப்பியதே, பலித்ததா? (ஒரு வாசகர், தூத்துக்குடி)

ப: பாதி பலித்தது. மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்கள் நியூ செஞ்சுரி கடையில் கொள்ளை மலிவு. கெட்டி அட்டை, அழகான படங்கள். சிறுவர் கதைகளும் நாவல்களும் இன்றும் என் அலமாரியில் இருக்கின்றன. டிராக்டர் புகழ் பாடிய வழவழ பத்திரிகைகளோ பள்ளி நோட்டுக்கு அட்டையாகிப் போயின. கதையை வைத்துக்கொண்டோம், பிரசாரத்தைக் கிழித்துக்கொண்டோம்.

கே: கலைஞர்கள் அரசுக்குத் தூது போகலாமா? (ஒரு வாசகர், தஞ்சாவூர்)

ப: போகலாம், வாயைக் கட்டாமல். 1957-இல் அமெரிக்காவின் லிட்டில் ராக் நகரில் கறுப்பின மாணவர்களைப் பள்ளிக்குள் விடாமல் தடுத்தபோது, ஜாஸ் இசைக் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் அரசு சார்பிலான சோவியத் பயணத்துக்கு வர மாட்டேன் என்றார். அந்த மறுப்பால்தான் உலகம் அவரை இன்னும் மதித்தது என்பேன்.

கே: இன்றும் யானை அனுப்பலாமா? (ஒரு வாசகி, சேலம்)

ப: வேண்டாமே. கூட்டத்தோடு திரியும் பிராணி அது. இந்திரா 1983-இல் டோக்கியோவிலேயே இறந்தது. நாகஸ்வரக் கோஷ்டியை அனுப்புங்கள். கச்சேரி முடிந்ததும் ஊர் திரும்பிவிடலாம்.