24 வோல்ட் படகில் ஒரு பேட்டரி மட்டும் ஏன் செத்துப்போகிறது?

நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டையில் இருந்து விசைப்படகு உரிமையாளர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "என் படகில் 24 வோல்ட் செல்ஃப் (எஞ்சினைக் கிளப்பும் மோட்டார்), இரண்டு 12 வோல்ட் பேட்டரி. எக்கோ (கடலின் ஆழம் காட்டும் கருவி), ஜிபிஎஸ், வயர்லெஸ், வீல் ஹவுஸ் (படகை ஓட்டும் அறை) லைட் எல்லாம் 12 வோல்ட். எட்டு மாதத்துக்கு ஒரு தடவை ஒரு பேட்டரி மட்டும் போய்விடுகிறது. இதுவரை மூன்று வாங்கிவிட்டேன். இன்னொன்றில் தண்ணீர் சீக்கிரம் வற்றுகிறது. வயர்லெஸ் மைக்கை அழுத்தினால் எக்கோ அணைந்து மறுபடி வருகிறது. வேறு கம்பெனி பேட்டரி போடலாமா? இரண்டையும் இடம் மாற்றி வைத்துப் பார்க்கலாமா?"

வேறு கம்பெனி வேண்டாம். உங்கள் பேட்டரிகளில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஒன்று சாகிறது, இன்னொன்று தண்ணீர் குடிக்கிறது என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு வரியிலேயே காரணம் தெரிந்துவிட்டது. இரண்டு பேட்டரியின் நடுவில் இருக்கும் இணைப்புக் கம்பியில் இருந்து 12 வோல்ட் எடுத்திருக்கிறீர்கள். அதாவது வீல் ஹவுஸ் சாமான்கள் எல்லாம் ஒரே ஒரு பேட்டரியில் ஓடுகின்றன.

இரண்டு குடத்திலும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றுகிறீர்கள், ஆனால் வீட்டில் எல்லாரும் ஒரு குடத்திலேயே மொண்டு குடிக்கிறார்கள் என்று வையுங்கள். அந்தக் கதைதான் இது. எக்கோவுக்கு 2 ஆம்பியர், ஜிபிஎஸ்ஸுக்கு 1, கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கும் வயர்லெஸ்ஸுக்கு அரை, லைட்டுக்கு இரண்டரை என்று வைத்தால் மொத்தம் 6 ஆம்பியர். ஒரு ராத்திரி 10 மணி நேரத்தில் 60 ஆம்பியர்-அவர். எஞ்சின் ஓடினாலும் நின்றாலும் இரண்டு பேட்டரிக்கும் இடையே இந்த வித்தியாசம் விழுந்துகொண்டே இருக்கும். டைனமோவுக்கு இது தெரியாது. அது இரண்டையும் சேர்த்து 28 வோல்ட் வந்துவிட்டதா என்று மட்டும்தான் பார்க்கும். மைனஸ் எஞ்சின் உடம்போடு, அதாவது எர்த்தோடு, சேர்ந்திருக்கும் பேட்டரியைக் கீழ்ப் பேட்டரி என்போம்; சாமான்கள் ஓடுவது அதில்தான். அது நிறையாமலேயே கிடந்து, தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிப்போகிறது. அதற்கு அடுத்த மேல் பேட்டரி அளவுக்கு மேல் சார்ஜ் ஆகிக் கொதிக்கிறது. தண்ணீர் வற்றுவது அதனால்தான்.

இதை நீங்களே அளந்து பார்க்கலாம். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். மொத்தத்தை அளக்க 200 ரேஞ்ச், தனித்தனியாக அளக்க 20 ரேஞ்ச். (20-ல் வைத்து 28 வோல்ட்டை அளந்தால் மீட்டர் வெறும் 1 காட்டும். மீட்டர் போய்விட்டது என்று தூக்கிப்போட்டுவிடாதீர்கள்.) எஞ்சின் ஓடும்போது மொத்தம் 28 வோல்ட் வாக்கில் இருந்தால், ஒவ்வொன்றும் 14-ஐ ஒட்டி இருக்க வேண்டும். உங்கள் படகில் ஒன்று 13-க்கும் மற்றது 15-க்கும் பக்கத்தில் நிற்கும் என்பது என் கணிப்பு. அப்புறம் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, சில மணி நேரம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். நிறைந்த பேட்டரி 12.6 காட்டும். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. மூடி திறக்கிற பேட்டரி என்றால், உள்ளே இருக்கும் அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரையும் விட்டுப் பாருங்கள். ஆறு அறையில் ஐந்து 1.260 காட்டி, ஒன்று மட்டும் 1.180 என்றால் அந்த அறை போய்விட்டது. அந்தப் பேட்டரியை இனி எவ்வளவு சார்ஜ் செய்தாலும் பயனில்லை.

இடம் மாற்றி வைப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மாற்றினால் நாலு மாதம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். ஆனால் ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள்: "இந்தத் தடவை மேல் பேட்டரியில் இருந்து 12 வோல்ட் எடுப்போம்" என்று கிளம்ப வேண்டாம். பல சாதனங்களில் மைனஸும் வெளி உடம்பும் ஆன்டெனாவும் ஒன்றோடு ஒன்று சேர்ந்தே இருக்கும். மேல் பேட்டரியின் மைனஸ், எர்த்தில் இருந்து 12 வோல்ட் உயரத்தில் நிற்கிறது. ஆன்டெனா அடிப்பாகம் எஞ்சின் எர்த்தோடு சேர்ந்த ஏதாவது இரும்பைத் தொட்டால் போதும், கீழ்ப் பேட்டரி நேராக ஷார்ட் ஆகும். கரையில் வயர் கருகினால் ஓடிப்போய் இறங்கிவிடலாம். கடலில் எங்கே இறங்குவது?

சரி, என்ன செய்யலாம்? முதலில் ஒவ்வொரு சாதனத்தின் பின்னாலும் இருக்கும் லேபிளைப் படியுங்கள். கடலுக்கென்று செய்த எக்கோ, ஜிபிஎஸ் பலவற்றில் 12–24 வோல்ட் என்று போட்டிருக்கும். அப்படி இருந்தால் லேபிளில் சொன்ன ஃபியூஸைப் போட்டு நேராக 24-லேயே கொடுத்துவிடலாம். பெரும்பாலான வயர்லெஸ் 12 வோல்ட்தான். அதற்கும் லைட்டுக்கும் 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்று போடுங்கள். 25 வாட் வயர்லெஸ் பேசும்போது 5, 6 ஆம்பியர் இழுக்கும். ஆகவே 20 ஆம்பியர் கன்வெர்ட்டராக வாங்குங்கள். மலிவான கன்வெர்ட்டர் எக்கோ திரையில் புள்ளி புள்ளியாகக் குப்பை காட்டும், வயர்லெஸ்ஸில் இரையும். இதில் மட்டும் காசு பார்க்க வேண்டாம். எஞ்சின் ரூம் சூட்டில் மாட்டாமல், வீல் ஹவுஸில் தண்ணீர் தெறிக்காத இடத்தில் மாட்டுங்கள்.

இதோடு பேட்டரி இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே வகையாக மாற்றுங்கள். பழசோடு புதுசைச் சேர்த்தால் புதுசும் சீக்கிரம் பழசாகிவிடும்.

அடுத்து மைக்கை அழுத்தினால் எக்கோ அணைவது. நோஞ்சான் பேட்டரி ஒரு பாதி காரணம், வயர் மறுபாதி. எஞ்சின் ரூமில் இருந்து வீல் ஹவுஸ் வரை 6 மீட்டர் என்றால், மின்சாரம் போய்த் திரும்ப 12 மீட்டர். 1.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 8 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 1.1 வோல்ட் காணாமல் போகும். ஏற்கெனவே 11.8-ல் நிற்கிற பேட்டரியில் இருந்து எக்கோவுக்குக் கிடைப்பது 10.7. அது அணையத்தான் செய்யும். அதே தூரத்துக்கு 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 0.3-க்குள் அடங்கிவிடும்.

தடிமனான வயர் போட்டும் சரியாகவில்லை என்றால் ஜாயின்ட்டைப் பாருங்கள். முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட்டை நான் எத்தனையோ படகில் பிரித்திருக்கிறேன். டேப் வெளியே கறுப்பாக, நன்றாகத்தான் இருக்கும். உரித்தால் உள்ளே பச்சைப் பொடி கொட்டும். ஒரு படகில் வயரை ஒரு சாண் ஒரு சாணாக வெட்டிக்கொண்டே போனேன். மூன்றாவது சாணில்தான் செம்பு பளபளப்பாகத் தெரிந்தது. உப்புத்தண்ணீர் இன்சுலேஷனுக்குள்ளேயே ஏறிக் கம்பியைக் கறுப்பாக்கியிருந்தது. மைக்கை ஒருவர் அழுத்திப் பிடிக்கட்டும். நீங்கள் மீட்டரின் இரண்டு முனையையும் ஒரே ஜாயின்ட்டின் இரண்டு பக்கத்திலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டுகிற ஜாயின்ட்தான் திருடன். பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டி, லக் (வயர் முனையில் மாட்டும் உலோகக் காது) வைத்து நெருக்கிக் கிரிம்ப் செய்து, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டு மூடுங்கள். கிடைத்தால் வெள்ளீயம் பூசிய செம்பு வயரே வாங்குங்கள். பேட்டரி டெர்மினலைச் சுரண்டி இறுக்கிய பிறகுதான் வாசலின் தடவ வேண்டும், அதற்கு முன்னால் அல்ல.

ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கட்டும். எரிந்த ஃபியூஸில் செம்புக் கம்பி சுற்றி ஓட்டுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. பேட்டரியைக் கழற்றும்போது மைனஸை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது கடைசியில் மாட்டுங்கள். கொதிக்கிற பேட்டரியில் இருந்து ஹைட்ரஜன் வரும். எஞ்சின் ரூம் மூடியைத் திறந்து காற்றாட விட்ட பிறகு கை வையுங்கள், பக்கத்தில் பீடி வேண்டாம். செல்ஃப் அடிக்கும் முன் எக்கோவையும் வயர்லெஸ்ஸையும் அணைத்துவிட உங்கள் டிரைவரிடம் சொல்லி வையுங்கள். படகு கிளம்பியதும் வயர்லெஸ்ஸை, ஆபத்துக்குக் கூப்பிடும் 16-ஆம் சேனலில் போட்டுவிட வேண்டும். நடுக்கடலில் செல்போன் டவர் கிடையாது. உங்கள் ஆட்கள் கூப்பிடுவதற்கு இருப்பது அந்த வயர்லெஸ்தான், அதற்கு உயிர் கொடுப்பது இந்த பேட்டரி.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் பேட்டரியைப் படகிலேயே போட்டுவிடாதீர்கள். கழற்றிக் கரைக்குக் கொண்டுவந்து, டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றி, இரண்டையும் தனித்தனியாக 12 வோல்ட் சார்ஜரில் முழுதாக ஏற்றுங்கள். மே நடுவில் இன்னொரு தடவை ஏற்றுங்கள். ஜூனில் மாட்டும் முன் இரண்டையும் அளந்து பாருங்கள். இரண்டும் 12.6 காட்டினால் மாட்டலாம்.