கோட்டை மதிலில் அரசங்கன்று: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: திருமயம் கோட்டை மதிலில் அரசங்கன்றுகள் முளைத்திருக்கின்றன. ஊர்ப் பையன்கள் சேர்ந்து பிடுங்கிவிட்டு, சந்துகளைச் சிமெண்டு வைத்து அடைக்கலாமா? எங்கள் வீட்டுப் பழைய மதிலிலும் இதே தொல்லைதான்.
- வாசகர், காரைக்குடி

பதில்: கோட்டையில் கை வைக்காதீர்கள். அது மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. எந்த வாசல் பக்கம், தரையிலிருந்து எத்தனை அடி உயரம் என்று குறித்து, படத்தோடு துறைக்கு எழுதுங்கள்.

உங்கள் வீட்டு மதிலிலும் கன்றைப் பிடுங்க வேண்டாம். வெளியே விரல் பருமன் தெரிந்தாலும், உள்ளே வேர் செங்கல் ஒட்டுகளுக்குள், அதாவது செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவே சாந்து வைத்த இடங்களுக்குள், விரிந்து ஓடியிருக்கும். இழுத்தால் நாலு செங்கல் கூடவே வரும். அடியில் ஒரு சாண் விட்டு அறுங்கள். வெட்டிய வாயில் பச்சை காயும் முன்பே வேர்க்கொல்லி மருந்தைத் தடவுங்கள். தாமதித்தால் மருந்து உள்ளே இறங்காது. வேர் முழுதும் பட்டுப்போன பிறகே ஒட்டைத் திறந்து எடுக்க வேண்டும். வேர் இருந்த பொந்தை விட்டுவிட்டால் அதில் தண்ணீர் தங்கும்; அடுத்த விதை அங்கேதான் முளைக்கும்.

சிமெண்டு பழைய செங்கல்லைவிடக் கெட்டி. சுவருக்குள் போன ஈரம் அதன் வழியாக வெளியேறாமல் செங்கல் வழியே வரும். உப்புப் பூத்து, செங்கல்லின் முகம் பொரிந்து உதிரும். ஒட்டு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும் சுவர்களைப் பாருங்கள், புரியும்.

சுண்ணாம்புதான் சரி. நீற்றும்போது தண்ணீரில் சுட்ட சுண்ணாம்புக் கல்லைப் போடுங்கள். கல்லின் மேல் தண்ணீர் ஊற்றினால் தெறித்துக் கண்ணைக் கெடுக்கும். நீற்றியதைத் தண்ணீருக்கடியில் சில வாரமாவது ஊறவிடுங்கள். பிறகு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரைப் பங்கு மணல். மணலில் ஒரு பகுதிக்குப் பதில் செங்கல் பொடி சேர்த்தால் ஈரத்தில் நன்றாக இறுகும். நம் பக்கத்துக் கொத்தனார்கள் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் குழைப்பார்கள்.

ஒட்டை அதன் அகலத்தைப் போல இரு மடங்கு ஆழம் சுரண்டி, சுவரை நனைத்து, அரை அங்குலம் அரை அங்குலமாகத் திணியுங்கள். ஒரு வாரம் ஈரச் சாக்குப் போட்டு மூடுங்கள். அடைமழையிலும் சித்திரை வெயிலிலும் இந்த வேலை வேண்டாம்; தை, மாசி நல்லது.

கேள்வி: அந்தக் கோட்டைக்கு எத்தனை சுற்று மதில்?

பதில்: ஏழு சுற்று இருந்ததாகச் சொல்வார்கள், இன்று நிற்பவை நான்கு. 17-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சேதுபதிகள் கட்டியது. மலையின் தென்புறக் குடைவரைக் கோயில்கள் அதற்குப் பல நூற்றாண்டு மூத்தவை. போனால் கல் மதிலின் தலையில் இருக்கும் செங்கல் கைப்பிடிச் சுவரைக் கிட்டே நின்று பாருங்கள். துப்பாக்கி நீட்டும் துளைகள் அதில்தான் இருக்கின்றன.